ஒரு கடலை ஐம்பது சதம்

ஹம் என்ற ஊரில் ரயிலை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். பெர்லின் பக்கமிருந்து ஒரே உடம்பாக ஓடி வருகிற வெள்ளை ரயில் அங்கே சற்று நின்று பெருமூச்சு விடுகிறது. பிறகு ஒரு பாதி வுப்பர்டாலுக்கும் மறுபாதி எசனுக்கும் போகின்றன. இதை ஒலிபெருக்கியில் பல தடவை சொன்னார்களாம். நான் அப்போது ஜன்னலுக்கு வெளியே மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்த வயல்களுக்கு ஓர் உவமை தேடிக்கொண்டிருந்தேன். உவமை கிடைத்தபோது ரயில் எசனில் நின்றது. நான் போக வேண்டியது வுப்பர்டால்.

ஐம்பதை நெருங்குகிற ஒருவன் ரயிலின் தவறான பாதியில் உட்கார்ந்திருப்பது பெரிய சங்கதியில்லை. எங்கள் வீட்டில் கேட்டால், நான் கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பார்கள்.

ஜெர்மனிக்கு வந்த காரியம் ஹாலேயில் முடிந்திருந்தது. அங்கே ஒரு பழைய தர்ம ஸ்தாபனத்தின் காப்பகத்தில், முந்நூறு வருஷத்துக்குச் சற்றுக் குறைந்த வயதுள்ள தமிழ் ஓலைக் கடிதங்கள் இருக்கின்றன. பிரதி எடுக்க அனுமதி கேட்டுவரச் சொல்லிப் பதிப்பாளர் நண்பர் ஒருவர் என்னை அனுப்பியிருந்தார். காப்பகத்துப் பெண்மணி ஓலைக்கட்டுக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை வைத்தார். நான் தங்கியிருந்த விடுதியில் எனக்குக்கூட அவ்வளவு மெத்தென்ற தலையணை இல்லை. அந்தக் கடிதங்களில் எனக்குப் பிடித்தது அவற்றின் நடைதான். முக்கால் பாகம் கும்பிடு, க்ஷேமம், பாதம் பணிதல். கடைசி இரண்டு வரியில் கேட்க வேண்டியதைக் கொஞ்சமும் கூசாமல் கேட்டுவிடுகிறார்கள். இப்படி எனக்கு எழுதத் தெரிந்திருந்தால் பல பத்திரிகைகளிலிருந்து சன்மானம் வந்திருக்கும்.

விமானத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. அவற்றை வுப்பர்டாலில் சுதாகரன் வீட்டில் கழிப்பதாக ஏற்பாடு. யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கருவித் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறார். நான் எழுதுகிற சிற்றிதழ் எப்படியோ அவர் கைக்குப் போய், இரண்டு வருடமாக மின்னஞ்சலில் பழக்கம். எசன் நிலையத்தில் ஒரு பொதுத் தொலைபேசியைப் பிடித்து நிலைமையைச் சொன்னேன்.

"அண்ணா, அங்கயே நில்லுங்கோ. வேற ரயில் ஒண்டிலயும் ஏறிப் போடாதேங்கோ. எசனில எங்கட சிவம் அண்ணை இருக்கிறார். அவர் வந்து கூட்டிக்கொண்டு வருவார்."

அவர்கள் ஊரில் அண்ணை என்பதுதான் வழக்கம். என் இந்தியக் காதுக்காக என்னை மட்டும் அண்ணா என்று திருத்திக்கொண்டிருந்தார்கள்.

சிவம் அண்ணை அரைமணியில் வந்தார். அறுபது தாண்டியவர், சாம்பல் நிறத் தொப்பி, நன்றாகச் சவரம் செய்த முகம். மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது தமிழ்க் கடைகளுக்குக் காய்கறி ஏற்றி இறக்குகிறார். காரின் பின்சீட்டிலிருந்து நீண்டுகிடந்த முருங்கைக்காய்க் கட்டு ஒன்று வழி முழுக்க என் காதைத் தடவிக்கொண்டே வந்தது.

"நீங்கள் கவிதையோ எழுதுறது?" என்று கேட்டார்.

"வசன கவிதை."

"அப்ப வசனமும் இல்லை, கவிதையும் இல்லை."

"கிட்டத்தட்ட."

"வருமானமும் அந்த மாதிரித்தான் இருக்கும்." சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார். பிறகு, "சுதா கெட்டிக்காரன். நல்லவனும்கூட. ரெண்டும் ஒராளிட்ட இருந்தாக் கரைச்சல்" என்றார். கரைச்சல் என்றால் தொல்லை என்பது தெரியும்; எதற்குச் சொன்னார் என்று அப்போது புரியவில்லை.

வுப்பர்டாலில் சுதாவின் மனைவி மலர் கதவைத் திறந்தார். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவர். நின்ற நிலையிலேயே எனக்குத் தேநீரும் சிவம் அண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அழைப்பும் கொடுத்துவிட்டார். சமையலறையில் அவருடைய மின்னடுப்பின் கதவு மூடவில்லை. அதை ஒரு நாற்காலியின் முதுகால் முட்டுக்கொடுத்து, இடுக்கில் மர அகப்பை ஒன்றைச் செருகியிருந்தார். அந்த நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரக் கூடாது. நான்தான் முதலில் உட்காரப் போனேன்.

மறுநாள் சுதா விடுப்பு எடுத்து ஊரைக் காட்டினார். வுப்பர்டாலில் ரயில் தண்டவாளத்திலிருந்து கீழே தொங்கிக்கொண்டு ஆற்றுக்கு மேலே போகிறது. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் பயணிகள் தொங்குவார்கள், வண்டி ஒழுங்காகப் போகும். இங்கே பயணிகள் ஒழுங்காக உட்கார்ந்திருக்க, வண்டி தொங்குகிறது. கீழே ஒரு வாத்து எங்களை அண்ணாந்து பார்த்தது. வளைவில் பெட்டி மெல்ல ஆடியபோது எதிரிலிருந்த கிழவி, பயப்படாதே, நூறு வருஷமாக இப்படித்தான் ஆடுகிறது என்றாளாம். மொழிபெயர்த்த சுதா, "ஆனா அவவும் கம்பியைப் பிடிச்சுக்கொண்டுதான் சொன்னவ" என்று சேர்த்துக்கொண்டார்.

இறங்கிய இடத்தில் தொத்திறைச்சி மேல் தக்காளிக் குழம்பு ஊற்றி மஞ்சள் நிறப் பொடி ஒன்றைத் தூவிக் கொடுத்தார்கள். அதற்குக் கறி என்று பெயர். சாப்பிட்டு முடித்தபின் எங்கள் வீட்டு ரசப்பொடி டப்பாவை மனத்தால் ஒருமுறை திறந்து முகர்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சுதா மடிக்கணினியைத் திறந்தார். அவர் முகம் மாறிவிட்டது, கோயில் நடை திறக்கும்போது முன்வரிசையில் நிற்பவன் முகம்போல. திரையில் ஒரு பச்சை மேசை. சுற்றிலும் ஒரு தவளை, ஒரு கடற்கொள்ளைக்காரன், ஒரு பூனை, ஒரு கள்ளிச்செடி. எல்லாம் ஊர் பேர் தெரியாத ஆட்கள். போக்கர்.

"கெதியா விளங்கப்படுத்துறன், இருங்கோ. ஆளுக்கு ரெண்டு சீட்டு, மற்ற ஆக்கள் பாக்க ஏலாது. நடுவில அஞ்சு சீட்டு, எல்லாருக்கும் பொது, கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கும். ஒவ்வொரு திறப்புக்கும் நீங்கள் காசு கேக்கலாம். மற்றவன் கேட்டாக் குடுக்கலாம். இல்லாட்டிச் சீட்டைக் கவிட்டுப் போட்டு விலகலாம். எல்லாரும் விலகினா மிஞ்சினவனுக்குச் சீட்டைக் காட்டாமலே காசு, இல்லாட்டி ஆரின்ர சேர்மானம் பெரிசோ அவருக்கு. அவ்வளவுதான்."

எங்கள் ஊரில் சீட்டாடுகிறவன் என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்றேன்.

"நான் கலியாணத்துக்குப் பிறகுதான் துவங்கினனான்" என்றார் சுதா.

துவங்கிய கதை இது. இரண்டு வருடத்துக்கு முன் ஐம்பது யூரோ போட்டார். அவ்வளவுதான். வீட்டுக் காசிலிருந்து அதற்குப்பின் ஒரு சதம்கூட அதற்குள் போகவில்லை. அந்த ஐம்பதுக்கு 'ரோல்' என்று பெயர். எந்த மேசையிலும் ரோலில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் கொண்டு உட்காரக் கூடாது என்பது மலர் வைத்த சட்டம். ரோல் வளர்ந்தால் பெரிய மேசை, தேய்ந்தால் கூச்சப்படாமல் சின்ன மேசைக்கு இறங்கிவிட வேண்டும். முதலில் ஓரிரண்டு சதத்துக்கு ஆடுகிற மேசைகள். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, சதம் சதமாக. உட்கார்ந்த நேரமெல்லாம் சீட்டைக் கவிழ்த்துக்கொண்டே இருப்பதுதான் முக்கால்வாசி ஆட்டம் என்றார். ஒரு சொல்லுக்காக ஊர் ஊராய்த் திரிகிற எனக்கு இந்தப் பொறுமையைப் பார்க்கக் கால் குறுகுறுத்தது.

போன வாரம் அது நாலாயிரத்தைத் தொட்டிருந்தது.

"இந்த நாட்டில அண்ணா, இருக்கிறதுக்கு அன்ட்ராக் எண்டு ஒரு விண்ணப்பம், வேலைக்கு அன்ட்ராக், பல்லுப் பிடுங்கவும் டெர்மின் எண்டு நாள் குறிச்சு வாங்கோணும். ஒரு விண்ணப்பமும் போடாம, ஒருத்தரிட்டையும் கேட்டுக்கொண்டு நிக்காம நான் செய்த ஒரே ஒரு சாமான் இதுதான்."

அவர் முதுகுக்குப் பின்னால் மலர் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். திரையில் தவளை பெரிய தொகை ஒன்றைக் கேட்டது. சுதா தாடையைச் சொறிந்தார்.

"அந்தத் தவளை பொய் சொல்லுது" என்றார் மலர், சட்டைக் காலரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீர் உம்மட வேலையைப் பாரும்" என்று சுதா சீட்டைக் கவிழ்த்தார். தவளை தன் சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டுச் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டது. கையில் ஒன்றுமே இல்லை. இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது. அது மலர் சொன்ன பதில் என்றே எனக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை மலருடன் தமிழ்க் கடைக்குப் போனேன். உறைந்த நண்டுப் பெட்டிகளைப் புரட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

நாலாயிரம் தொட்டால் நேரடி ஆட்டத்துக்கு ஒரு தடவை போகலாம் என்று இருவருக்கும் ஒப்பந்தமாம். அரசாங்க உரிமம் பெற்ற சூதாட்ட மண்டபம் ஒன்று ரூர் ஆற்றுப் பக்கம் இருக்கிறது. அங்கே ஆகச் சின்ன மேசையில் உட்காரவே இருநூறு வேண்டும். நாலாயிரத்தில் இருபதில் ஒன்று. போனால் போகட்டும், திரும்பி வந்து சின்ன மேசையில் தொடங்கலாம். ஆனால் ஒரே ஒரு இருநூறுதான். அது போனபின் இரண்டாவது இருநூறுக்குப் பைக்குள் கைவிட்டால் ஆட்டம் அன்றோடு சரி. ரோல் முழுவதும் புதுச் சமையலறைக்கு.

"நாளைக்குப் போறார். நீங்கள் சாட்சியாப் போறியள் அண்ணா."

"நானா? எனக்குச் சீட்டே சரியாப் பிடிக்கத் தெரியாதே."

"சீட்டைப் பிடிக்க வேண்டாம். இவரைப் பிடிச்சாக் காணும்." காணும் என்றால் அவர்கள் பேச்சில் போதும் என்று பொருள். ஒரு பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். "கோட்டு உள்பையில இன்னொரு இருநூறு வைச்சிருக்கிறார். நான் கண்டது அவருக்குத் தெரியாது. வைச்சிருக்கிறது பிழையில்லை. எடுக்கிறதுதான் பிழை."

"புதுச் சமையலறை உங்களுக்கு வேண்டாமா?"

"வேணும். ஆனா இவர் தோத்து எனக்கு அடுப்பு வரக் கூடாது அண்ணா. பிறகு ஒவ்வொரு நாளும் அந்த அடுப்பு என்னைப் பாக்கும்."

சனிக்கிழமை மாலை கிளம்பினோம். மண்டப வாசலில் கோயில்போல ஒரு கெடுபிடி. கடவுச்சீட்டு காட்ட வேண்டும், காலணி பளபளக்க வேண்டும், கோட்டு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். எங்கள் ஊரில் சீட்டாடப் போகிறவன் முகத்தைத் துண்டால் மறைப்பான். இங்கே கழுத்தில் டை கட்டிக்கொண்டு பெயரைப் பதிந்துவிட்டுப் போகிறார்கள். என்னிடம் கம்பளிச் சட்டைதான் இருந்தது. வாசல்காரர் வாடகைக் கோட்டு ஒன்று கொடுத்தார். அதன் கைகள் என் விரல்நுனிவரை வந்தன. யாரோ ஒரு தடித்த மனிதர் தோற்றுவிட்டு விட்டுப்போன உடம்புக்குள் புகுந்ததுபோல் இருந்தது.

உள்ளே கம்பளம் காலடிச் சத்தத்தைத் தின்றது. போக்கர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கயிறு. பார்க்கிறவர்கள் கயிற்றுக்கு இப்பால். சுதாவின் நாற்காலிக்குப் பின்னே போய் நின்றேன். அவர் இருநூறைக் கொடுத்து வட்டச் சில்லுகளாக மாற்றி, உயரத்துக்கு உயரம் சரிபார்த்து அடுக்கினார். நிமிர்ந்தார். நேர் எதிர் நாற்காலியில், டை கட்டிக்கொண்டு, தொப்பி இல்லாத தலையுடன் சிவம் அண்ணை.

"வாரும் தம்பி. உம்மையும் இஞ்ச காணக் கிடைச்சிருக்கு."

"அண்ணை, நீங்களோ…"

சீட்டுப் போடுகிற இளம்பெண் விரலை உயர்த்தினாள். மேசையில் ஜெர்மன் மட்டும், ஐயாமாரே, என்றாளாம். இருவர் வேறு பாஷையில் பேசிக் கூட்டுச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்கான விதி அது. அவள் கவலைப்பட்டிருக்கவே வேண்டாம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சுதா இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், அகதி விடுதி வாசலில் மெல்லிய சட்டையோடு நடுங்கி நின்றவரைக் கடைக்குக் கூட்டிப்போய் மேல்கோட்டு வாங்கிக் கொடுத்தவர் சிவம் அண்ணை. முதல் வேலைக்கு மொழிபெயர்த்துப் பேசியவரும் அவரே. இதை எனக்குச் சுதா பிறகுதான் சொன்னார். ஆனால் மேசையில் நடந்ததைப் பார்த்த எவரும் ஊகித்திருக்கலாம். தமிழில் பேசக்கூடாது என்றதும், வாயால் சொல்ல முடியாமல்போன மரியாதையைச் சுதா சில்லுகளால் சொல்லத் தொடங்கினார்.

ஒரு கை வந்தது. சுதாவிடம் இரண்டு ஒன்பது, நடுவில் மூன்றாவது ஒன்பது. கணினியில் இந்தக் கை வந்தால் அவர் தவளையையும் பூனையையும் உரித்துத் தொங்கவிட்டிருப்பார். இங்கே மற்றவர்கள் விலகிப்போக, மிஞ்சியது சிவம் அண்ணை. அண்ணை கொஞ்சம் கேட்டார். சுதா கொடுத்தார். கடைசிச் சீட்டில் அண்ணை ஒன்றும் கேட்கவில்லை. இப்போது சுதா கேட்க வேண்டிய முறை. விரல் மூட்டால் மேசையைத் தட்டி, கேட்காமல் விட்டுவிட்டு, ஒன்பதுகளை ஏதோ குற்றப் பத்திரிகைபோல மெல்லத் திருப்பிவைத்தார். பக்கத்திலிருந்த மொட்டைத் தலைக்காரர் மூக்கால் சிரித்து ஏதோ சொன்னார். என் நாய்கூட இந்தக் கைக்குக் கேட்டிருக்கும் என்றாராம்.

சரி, கேட்காவிட்டால் போகிறது, மறுக்கவாவது தெரிய வேண்டுமே. அடுத்தடுத்த கைகளில் அண்ணை கேட்டார். சுதா கொடுத்தார். சீட்டு நன்றாக இருந்தாலும் கொடுத்தார், மோசமாக இருந்தாலும் கொடுத்தார். பெரியவர் ஒன்று கேட்கும்போது முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதாவது. எங்கள் பக்கத்திலும் அப்படித்தான் வளர்க்கிறார்கள். நான் கேட்காத கூட்டங்களுக்கெல்லாம் தலைமை தாங்கியது இந்த வளர்ப்பினால்தான். மற்ற ஆட்டக்காரர்களிடம் சுதா சரியாகவே ஆடினார். மொட்டைத் தலைக்காரரிடம் பிடுங்கிய சில்லுகள் நேராக எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தன, வாய்க்கால் வழியாய்ப் போகிற தண்ணீர்போல.

சுதாவின் சில்லு அடுக்கு தரைமட்டமானது. சிவம் அண்ணை மீசையில்லாத இடத்தைத் தடவிக்கொண்டு ஜெர்மனில் ஏதோ கேட்டார். கடைசியில் 'தம்பி' மட்டும் தமிழ். இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறார் என்பது பாஷை தெரியாத எனக்கும் விளங்கியது. பெரியவர் கேட்டுவிட்டார். சுதாவின் வலது கை எழுந்தது. கோட்டின் இடப்பக்கத்துக்குள் நுழைந்தது.

தோளைத் தொடலாம் என்றால் கயிறு நடுவில். என் வாடகைக் கையோ துணிக்குள் எங்கேயோ இருந்தது.

"சுதா, அடுப்புக் கதவு" என்றேன்.

மண்டபம் முழுக்கக் கேட்டது. சீட்டுப் போடும் பெண் விரலைத் தூக்கினாள். வாசல்காரர் எட்டிப் பார்த்தார். சுதாவின் கை உள்ளேயே நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு அந்தக் கை எதையும் எடுக்காமல் வெளியே வந்து, நாற்காலியைப் பின்னால் தள்ளியது.

திரும்பும் ரயிலில் சுதா கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். பிறகு அந்த முதல் குளிர்காலத்துக் கோட்டுக் கதையைச் சொன்னார். "அந்த மனிசனிட்ட நான் எப்பிடி அண்ணா கேக்கிறது? அவர் கேட்டா எப்பிடி இல்லை எண்டுறது?"

"கேட்கிறதும் மறுக்கிறதும்தானே அந்த ஆட்டமே? நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க."

"ஓம்." ஜன்னலில் தெரிந்த தன் முகத்தையே பார்த்தார். "இன்ரநெற்றில ஆரும் அண்ணை இல்லை. அதுதான் ரெண்டு வருசமா வெண்டு கொண்டு வந்திருக்கிறன்."

வீட்டில் மலர் ஒன்றும் விசாரிக்கவில்லை. சாப்பிட்டீர்களா என்றார். சுதா தானாகவே இரண்டாவது இருநூறை எடுத்து மேசைமேல் வைத்தார். மலர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் என் சாட்சியத்தைத் தலையசைப்பில் சொன்னேன். எதிரே யார் உட்கார்ந்திருந்தார் என்பதையும் சுதா சொல்லிவிட்டார்.

"அப்பிடியோ" என்றார் மலர். "நாளைக்குச் சிவம் அண்ணை சாப்பிட வாறார் எல்லே. நண்டு காணுமோ தெரியேல்ல."

நண்டு தாராளமாகவே இருந்தது. ஞாயிறு மதியம் இடியப்பம், சொதி, நண்டுக் குழம்பு, கடைசியில் சவ்வரிசிப் பாயாசம். சிவம் அண்ணை நேற்று நடந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. ஓடுகளை உடைப்பதிலேயே கண்ணாக இருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கமாக அவர்கள் முந்நூற்று நாலு ஆடுவார்களாம். யாழ்ப்பாணத்துச் சீட்டாட்டம் அது, எதிரே இருப்பவர் கூட்டாளி. சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு மலர் வந்து அண்ணைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணை, நேற்று இவரோட விளையாடின விளையாட்டை எனக்கும் ஒருக்காக் காட்டித் தாங்கோவன்."

சிவம் அண்ணை தண்ணீர் குடித்தார். "அது பிள்ளை… அது சும்மா பகிடிக்கு…"

"நானும் பகிடிக்குத்தான். என்ர சம்பளத்தில ஒரு ஐம்பது. நீங்களும் ஐம்பது போடுங்கோ." உலர்ந்த கொண்டைக்கடலைப் பையைக் கிழித்து ஆளுக்கு நூறு எண்ணி வைத்தார். "ஒரு கடலை ஐம்பது சதம். ஒவ்வொரு கைக்கும் முதலிலேயே ஆளுக்கு அஞ்சு கடலை நடுவில. அண்ணா சீட்டுப் போடட்டும். அவருக்கு ஒண்டும் தெரியாது, அதனால நியாயமா இருக்கும்."

சுதா எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார், முதுகைக் காட்டிக்கொண்டு. குழாய்த் தண்ணீர் சத்தத்துக்கு நடுவே அவர் காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது.

நான் சீட்டைக் குலுக்கினேன். இரண்டு கீழே விழுந்தன. மறுபடி குலுக்கினேன்.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ அண்ணை" என்றார் மலர். "பத்துக் கடலை கேக்கிறன்."

அண்ணை தன் சீட்டைப் பார்த்தார், மலரைப் பார்த்தார், விலகினார்.

"சீனி காணுமோ அண்ணை? இருபது கேக்கிறன்."

விலகினார்.

"முதுகு நோ எண்டனீங்கள், அந்தத் தலையணையை வைச்சுக்கொள்ளுங்கோ. முப்பது."

ஹாலேயில் பார்த்த கடிதங்கள் நினைவுக்கு வந்து, சீட்டுக்கட்டால் வாயை மறைத்துக்கொண்டேன்.

"என்ன வைச்சிருந்தனீர்?" என்று அண்ணை கடைசியில் கேட்டேவிட்டார்.

"பாயாசம் இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்றார் மலர். சீட்டுகள் கவிழ்ந்தபடியே கட்டுக்குள் போய்விட்டன. இந்தக் கேள்வியும் இந்தப் பாயாசமும் மூன்று முறை நடந்தன. அண்ணையின் கடலைக் குவியல் இளைத்தது. கழுத்துப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார். கையில் ஒன்றுமே இல்லாமல் இந்தப் பெண் தேநீரைக் காட்டியே பிடுங்கிக்கொண்டிருக்கிறாள் என்ற சந்தேகம் அவர் முகத்தில் ஏறி உட்கார்ந்ததை நானே பார்த்தேன். மலர் அதற்காகத்தான் காத்திருந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

அடுத்த கையில் நடுவில் இரண்டு ராணி, ஒரு நாலு, இன்னும் இரண்டு உதிரி. அண்ணையின் கண் பளபளத்தது.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை" என்றார் மலர், மிகவும் பணிவாக. "உங்களிட்ட இருக்கிறது முழுக்கக் கேக்கிறன்."

"இந்த முறையும் பாயாசம்தானோ?"

"இல்லை அண்ணை. முடிஞ்சுது."

அண்ணை சிரித்துக்கொண்டே கடலையெல்லாம் நடுவில் தள்ளினார். தன் ஏஸ் ஜோடியை ஓங்கிப் போட்டார். மலர் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். மூன்றாவது ராணி. இரண்டாவது நாலு. நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோதே குழாய் நின்றுவிட்டது.

சிவம் அண்ணை கொஞ்ச நேரம் ராணியின் முகத்தையே பார்த்தார். "ஆரிட்டப் பழகினனீர் பிள்ளை?"

"இவரின்ர முதுகிட்ட. ரெண்டு வருசமா எல்லே உடுப்புத் தேய்க்கிறன்."

அண்ணை பர்ஸிலிருந்து ஐம்பதை எடுத்து, நீவி, கோப்பைக்குக் கீழே வைத்தார். பிறகு ஈரக் கையோடு நின்ற சுதாவைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, நேற்று நீர் எனக்கு அள்ளி அள்ளித் தந்தீர். வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கேல்ல. இண்டைக்குப் பிள்ளை என்னை உரிச்சுப் போட்டுது. மூண்டு தரம் பாயாசம் வாங்கிக் குடிச்சிருக்கிறன்." தொப்பியை எடுத்துக்கொண்டார். "அடுத்த ஞாயிறும் வாறன். என்ர காசு இஞ்ச கிடக்கு."

அவர் போனபின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மூவாயிரத்து எண்ணூறு சுதாவிடமே இருக்கும். அவர் பழைய சின்ன மேசைக்கு இறங்கி, தவளையோடும் பூனையோடும் தொடரலாம்.

"இன்ரநெற் உங்கட" என்றார் மலர். "முகம் பாத்து விளையாடுறது என்ர. என்ர ரோல் நூறு."

"நூறில இருபதில ஒண்டு அஞ்சு யூரோ" என்றார் சுதா. "அஞ்சு யூரோவுக்கு அந்த மண்டபத்தில தண்ணிகூடத் தர மாட்டாங்கள்."

"வளரட்டும். நான் என்ன நாளைக்கே போறனெண்டோ சொன்னனான்? போகேக்க நீங்கள் சாட்சியா வாங்கோ. கயிற்றுக்கு இஞ்சால நிண்டு வாய் திறக்கக் கூடாது."

சுதா சிரித்தார். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு. முட்டுக்கொடுத்த நாற்காலியைச் சற்று நகர்த்தி, அகப்பையை நன்றாக இறுக்கிச் செருகினார்.

"அப்ப இந்தக் கதவு?" என்று கேட்டேன்.

"அது சிவம் அண்ணையின்ர காசில வரும், அண்ணா" என்றார் மலர். "ஒரு ஆறேழு ஞாயிறு காணும்."

திங்கட்கிழமை கிளம்பும்போது கையில் ஒரு டப்பாவைத் திணித்தார். பிராங்பர்ட் விமான நிலையத்தில் திறந்து பார்த்தேன். சுண்டல். பந்தயத்தில் வைத்த அதே கொண்டைக்கடலை, இரவெல்லாம் ஊறி, அவிந்து, தேங்காயும் மிளகாயும் கூடியிருந்தது. ஒரு கடலை ஐம்பது சதம். வாழ்க்கையில் இவ்வளவு விலையுயர்ந்த சாப்பாட்டை நான் தனியாகச் சாப்பிட்டதில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு ஜெர்மன்காரர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வைத்துக்கொண்டு தனியே தின்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. டப்பாவை நீட்டினேன். நன்றி, வேண்டாம் என்றார். முதல் தடவை வேண்டாம் என்பதுதானே மரியாதை. மறுபடி நீட்டினேன். வேண்டாம் என்றார். மூன்றாம் தடவை நீட்டினால் எங்கள் ஊரில் எப்படிப்பட்டவரும் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். நீட்டினேன். அவர் செய்தித்தாளை ஒரு பக்கம் திருப்பி, என் கண்ணைப் பார்த்து, கொஞ்சமும் கூசாமல், புன்னகையோடு, மூன்றாம் தடவையும் வேண்டாம் என்றார்.

இவரோடு சுதா ஒருநாளும் ஒரே மேசையில் உட்காரக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். மலர் உட்காரலாம்.